தோல் ஒரு வழி, தசை ஒரு வழி: டெர்மடோமயோசைடிஸ் நோயாளியும் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

மேல் இமை கருஞ்சிவப்பாகத் தடித்திருக்கிறது. தலையில் தாங்க முடியாத அரிப்பு. சில வாரம் கழித்து, தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. இமைக்கும் அரிப்புக்கும் தோல் மருத்துவரிடம் போகிறோம், எழ முடியாததற்கு எலும்பு மருத்துவரிடம் போகிறோம். ஒருவர் களிம்பு தருகிறார், இன்னொருவர் கால்சியமும் வைட்டமின் டி-யும் தருகிறார். பிறகு எங்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கூடியிருக்க, 'கல்லீரல் வீங்கியிருக்கிறது' என்று கீழாநெல்லி தொடங்குகிறது. டெர்மடோமயோசைடிஸ் கண்டுபிடிக்கப்படாமல் மாதங்கள் போவது பெரும்பாலும் இப்படித்தான். பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு பாதியைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தோலில் புதிதாக ஏதாவது வந்து, கூடவே உடம்பில் பலமும் குறைந்தால், இரண்டையும் ஒரே மருத்துவரிடம் ஒரே மூச்சில் சொல்லுங்கள். அந்த மருத்துவர், மூட்டு, தசை, எதிர்ப்பு சக்தி நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜிஸ்டாக இருந்தால் நல்லது.

இது தொற்றாது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேராக வருகிற வகையும் இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் தோலையும் தசையையும், அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களையும் தாக்குகிறது. வைரஸ் வந்தால் மட்டும் சுரக்க வேண்டிய டைப் 1 இன்டர்ஃபெரான் என்ற புரதம் காரணமில்லாமல் ஓயாமல் வேலை செய்கிறது. அரிய நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. 5 முதல் 15 வயதுக்குள் ஒரு கூட்டம், 40 முதல் 60 வயதுக்குள் ஒரு கூட்டம்.

தோலில் எங்கே பார்ப்பது

மருத்துவப் புத்தகங்களில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. அதில் தெரியும் ஊதாச் சிவப்பை நம் தோலில் தேடினால் கிடைக்காது. மாநிறத்திலும் கறுப்பிலும் அது அடர் பழுப்பாகவும் சாம்பல் பூத்த கருமையாகவும்தான் தெரியும். அதனால் 'மங்கு' என்றும், தலைச்சாய ஒவ்வாமை என்றும், வெயில் கருப்பு என்றும் போய்விடுகிறது. நிறத்தைவிட இடத்தைப் பார்ப்பதுதான் உதவும்.

மேல் இமை, சில சமயம் வீக்கத்தோடு. கழுத்துக்குக் கீழே சட்டையின் திறந்த பகுதி. பிடரியிலிருந்து தோள் வரை, துண்டு போர்த்திய இடம் மாதிரி. தொடையின் வெளிப்பக்கம். முழங்கை, முழங்கால் முட்டிகள். எல்லாவற்றையும்விட முக்கியம் விரல் முட்டிகள். முட்டிகளின் மேல் தட்டையான, லேசாகத் தடித்த பருக்கள் வரும், அவற்றின் மேல் மெல்லிய செதில் இருக்கும். எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்கும் இன்னொரு நோயான லூபஸிலும் கையில் படை வரும், ஆனால் அது முட்டியை விட்டுவிட்டு முட்டிகளுக்கு இடைப்பட்ட தோலில் வரும். முகத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பை லூபஸ் விட்டுவிடும், டெர்மடோமயோசைடிஸ் விடாது.

இன்னொரு இடம் நகத்தின் அடிச்சதை. ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயை நகம் தோலோடு சேரும் இடத்தில் விட்டு, நல்ல வெளிச்சத்தில் போன் கேமராவின் நெருக்கப் படத்தில் பாருங்கள். சாதாரணமாக அங்கே எதுவும் பெரிதாகத் தெரியாது. இந்த நோயில் சிவப்பு நூல் சுருண்டது போலத் தடித்த நுண்குழாய்களும், நடுநடுவே குழாயே இல்லாத வெளிர் இடங்களும், சில சமயம் காய்ந்த ரத்தப் புள்ளிகளும் தெரியும். வேறு நோய்களிலும் இது வரலாம், இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படம் மருத்துவரின் கவனத்தைச் சரியான பக்கம் திருப்பும்.

மருந்து தொடங்கும் முன்பே எல்லா இடங்களையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு உள்ளே போன பின் தடயம் மங்கிவிடலாம். பிறகு புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்கு அந்தப் படங்கள்தான் சாட்சி. கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த களிம்புகளைத் தடவாதீர்கள். அவை படையின் முகத்தை மாற்றிவிடும், இமைத்தோலை மெலிய வைத்துவிடும்.

தசையில் எப்படித் தெரியும்

பலக்குறைவு இடுப்பு, தொடை, தோள், மேற்கை, கழுத்து என்று உடம்பின் நடுப்பகுதியை ஒட்டி, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வரும். பேனா பிடிக்க முடியும், பாட்டில் மூடி திறக்க முடியும். ஆனால் பரணில் பாத்திரம் வைக்க முடியாது. தலை பின்னக் கையைத் தூக்கினால் பாதியில் கை இறங்கிவிடும். இந்திய முறைக் கழிப்பறையில் குத்தவைத்தால் சுவரைப் பிடித்துத்தான் எழ வேண்டியிருக்கும். பஸ் படிக்கட்டில் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து ஏற்ற வேண்டியிருக்கும். படுக்கையிலிருந்து நேராக எழ முடியாமல், ஒருக்களித்துத்தான் எழ முடியும். தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்குவதே கஷ்டமாக இருக்கும்.

மூட்டுவலிக்காரருக்கும் எழுவது கஷ்டம்தான், ஆனால் அவரை வலி தடுக்கிறது. இங்கே வலி குறைவாகவோ இல்லாமலோ இருக்க, பலம்தான் இல்லை. மருத்துவரிடம் 'கால் வலி' என்று பொதுவாகச் சொன்னால் விசாரணை வேறு பக்கம் போய்விடும். 'வலி இல்லை டாக்டர், எழ பலமில்லை' என்று பிரித்துச் சொல்லுங்கள். தைராய்டு குறைவு, கொழுப்புக்கான ஸ்டாடின் மாத்திரை, பொட்டாசியம் குறைவு, கடுமையான வைட்டமின் டி குறைபாடு எல்லாமே தசையைப் பலவீனப்படுத்தும். சாப்பிடும் மாத்திரைகளின் முழுப் பட்டியலையும் கையோடு கொண்டுபோவது அதனால்தான்.

தோலில் மட்டும் வந்து தசையைத் தொடாமல் நிற்கும் வகையும் உண்டு. அதை லேசான வகை என்று நினைத்துவிடக் கூடாது. ஏன் என்று கீழே வரும்.

பரிசோதனைகளைப் படிக்கும் விதம்

தசை சிதையும்போது ரத்தத்தில் கலப்பவை சி.கே., ஆல்டோலேஸ், எல்.டி.எச்., எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. கடைசி இரண்டும் கல்லீரல் பட்டியலில் அச்சாகி வருவதால்தான் அந்தக் குழப்பம். கூடவே ஜி.ஜி.டி. என்ற பரிசோதனையைப் பாருங்கள். அது தசையில் இல்லை. எஸ்.ஜி.ஓ.டி. ஏறி, ஜி.ஜி.டி.யும் பிலிருபினும் சரியாக இருந்தால், கல்லீரலைத் துரத்துவதை நிறுத்திவிட்டு சி.கே. எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

சி.கே. ஆயிரக்கணக்கில் ஏறலாம். முழுக்கச் சரியாகவும் இருக்கலாம். சரியாக இருந்தால் நோய் இல்லை என்று ஆகாது, டெர்மடோமயோசைடிஸில் இது அடிக்கடி நடப்பது. ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய சில நாட்களில் தசையில் ஊசி போட்டிருந்தாலோ, கடுமையாக வேலை செய்திருந்தாலோ எண் பொய்யாக ஏறும். ஈ.எம்.ஜி. என்னும் தசை ஊசிப் பரிசோதனை இருந்தால், ரத்தம் அதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். ஈ.எம்.ஜி. ஒரு பக்கமும், தசைத் துண்டு எடுப்பது மறுபக்கமும் செய்வது வழக்கம். ஊசி குத்திய தசையிலும் அழற்சி தெரியும் என்பதால் இப்படி. தொடைகளின் எம்.ஆர்.ஐ. மிக உதவும். எந்தத் தசையில் அழற்சி இருக்கிறது, எங்கே துண்டு எடுத்தால் கிடைக்கும் என்பதை அது காட்டும். தோல் அடையாளங்கள் தெளிவாக இருந்தால், 2017-இல் வந்த சர்வதேச வரையறைப்படி தசைத் துண்டு இல்லாமலேயே நோயை உறுதிசெய்ய இடமுண்டு.

ஏ.என்.ஏ. (தன் உடம்பையே தாக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் ரத்தப் பரிசோதனை) நெகட்டிவ் என்பதை வைத்து யாராவது 'ஆட்டோ இம்யூன் இல்லை' என்று சொன்னால் அதோடு நிற்காதீர்கள். இந்த நோய்க்கே உரிய சில ஆன்டிபாடிகள் ஏ.என்.ஏ.வில் தெரியாது. 'மயோசைடிஸ் ப்ரொஃபைல்' என்ற தனிப் பரிசோதனை வேண்டும். அதிலும் மங்கலான பாசிட்டிவ் பல சமயம் பொய்யாக இருக்கும். உடம்பில் தெரிவதோடு பொருந்தினால்தான் அதற்கு மதிப்பு. ஐ.வி.ஐ.ஜி. (பலரின் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடிகளை நரம்பு வழியாகத் தரும் மருந்து) ஏற்றப் போகிறார்கள் என்றால் ஆன்டிபாடி, ஹெபடைடிஸ் பரிசோதனைகளுக்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். ஏற்றிய மருந்தில் மற்றவர்களின் ஆன்டிபாடிகள் இருப்பதால் முடிவு குழம்பும்.

ஆன்டிபாடியின் பெயர் இந்த நோயில் வெறும் ஆவணம் இல்லை, அடுத்த சில மாதம் எதைக் கவனிப்பது என்று அது சொல்கிறது. எம்.ஐ.-2 இருந்தால் தோலும் தசையும் வெளிப்படையாகப் பாதிக்கப்படும், மருந்துக்குப் பெரும்பாலும் நன்றாகப் பணியும். டிஃப்-1 காமா, பெரியவர்களிடம் என்.எக்ஸ்.பி.-2 இருந்தால், புற்றுநோயைத் தேட வேண்டும். ஜோ-1 இருந்தால் நுரையீரல், மூட்டு, வெடித்துச் சொரசொரக்கும் விரல் ஓரங்கள். எம்.டி.ஏ.-5 இருந்தால் அவசரம்.

அந்த அவசரத்தை விரித்துச் சொல்ல வேண்டும். எம்.டி.ஏ.-5 வகையில் தசை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், சி.கே.யும் சரியாக இருக்கும். விரல் நுனியிலும் முட்டியிலும் குழிப்புண், உள்ளங்கை மடிப்பில் வலிக்கும் பருக்கள், வாய்ப்புண், முடி கொட்டுதல், மூட்டுவலி, விட்டுவிட்டுக் காய்ச்சல். நடமாட்டம் இருப்பதால் யாரும் பதறுவதில்லை. ஆனால் நுரையீரல் சில வாரங்களிலேயே கெட்டுவிடக்கூடும். ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற புரதம் ஏறுவது ஒரு எச்சரிக்கை. இவர்களுக்கு நுரையீரலை நுட்பமாகக் காட்டும் ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேனும் மூச்சுத்திறன் பரிசோதனையும் தொடக்கத்திலேயே வேண்டும். ஒரு மருந்து கொடுத்துப் பார்ப்போம், பிறகு கூட்டுவோம் என்ற நிதானம் இங்கே ஆபத்து. ஸ்டீராய்டோடு டாக்ரோலிமஸ், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, டோஃபாசிடினிப் போன்றவற்றை ஆரம்பத்திலேயே சேர்த்துக் கொடுப்பது இதற்காகத்தான். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற, தனி ருமட்டாலஜித் துறை உள்ள இடத்துக்கு இவர்கள் உடனே போக வேண்டும்.

புற்றுநோய் பற்றி வீட்டில் பேசவே தயங்குவார்கள். ஆய்வுகளில் பெரியவர்களில் ஏறக்குறைய 15 முதல் 30 சதவீதம் பேருக்கு இந்த நோயோடு ஒரு புற்றுநோயும் இருப்பதாகத் தெரிகிறது. முதல் ஒரு வருடத்தில்தான் அதிகம் வெளிப்படுகிறது, மூன்று வருடமாவது கண்காணிக்க வேண்டும். சினைப்பை, மார்பகம், நுரையீரல், குடல் முதலியவை. மலேசியா, சிங்கப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு மூக்கின் பின்பகுதியையும் பார்ப்பார்கள். மார்பு, வயிறு, இடுப்பு சி.டி. ஸ்கேன், மேமோகிராம், கருப்பைவாய்ச் சோதனை ஆகியவற்றைப் பயமுறுத்தலாக எடுத்துக்கொள்ளாமல் சிகிச்சையின் பகுதியாகவே செய்துகொள்ளுங்கள். புற்றுநோயைச் சீக்கிரம் கண்டு அகற்றினால், தோலும் தசையும் கூடவே தணிவதும் உண்டு. குழந்தைகளுக்கு இந்தப் பயம் தேவையில்லை. அவர்களுக்கு வரும் இதே நோய்க்குப் புற்றுநோயோடு தொடர்பில்லை.

மருந்தில் தவறும் இடங்கள்

வழக்கமான தொடக்கம் ப்ரெட்னிசலோன், உடல் எடையில் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி. வரை. காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே வேளையாக, நான்கு முதல் ஆறு வாரம். பிறகு மாதக்கணக்கில் மெல்ல இறக்கம். கடுமையாக இருந்தால் மீத்தைல் ப்ரெட்னிசலோன் 1 கிராம் வீதம் மூன்று நாள் நரம்பு வழியாகப் போகும். கடையில் 'இது இல்லை, இதே மாதிரி' என்று மாற்றிக் கொடுத்தால் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ப்ரெட்னிசலோன் 5 மி.கி.க்குச் சமம் டெஃப்ளசகார்ட் 6 மி.கி., மீத்தைல் ப்ரெட்னிசலோன் 4 மி.கி. எண்ணை மட்டும் பார்த்து ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் டோஸ் மாறிவிடும்.

மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்ட ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. முகம் உப்புகிறது, எடை கூடுகிறது என்று சொல்லாமல் நிறுத்திவிடுபவர்கள் உண்டு, அதுவும் கல்யாண வயதுப் பெண்கள். அவர்கள் மனக்கஷ்டம் நியாயமானது, அதை மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்தைக் கூட்டி ஸ்டீராய்டை வேகமாக இறக்க வழி தேடுவார். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானாக ஸ்டீராய்டு சுரக்கத் தயாராக இருக்காது. பிரஷர் விழுந்து, வாந்தி எடுத்து மயங்கி விழுவார்கள். வாந்திபேதி வந்து மாத்திரை தங்கவில்லை என்றாலும் அதே ஆபத்து, ஊசி வழியாகக் கொடுக்க மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த ஊசி, எந்த அறுவை சிகிச்சை என்றாலும் 'நான் ஸ்டீராய்டில் இருக்கிறேன்' என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும்.

காலையில் சாப்பிட்ட ஸ்டீராய்டு சுகரை மதியத்துக்கு மேல்தான் ஏற்றும். வெறும் வயிற்றுச் சுகர் மட்டும் பார்த்து 'நார்மல்' என்று இருந்துவிடாமல், மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ பாருங்கள். எலும்புக்குத் தினம் 1000 முதல் 1200 மி.கி. கால்சியம், உணவும் மாத்திரையும் சேர்த்து. எலும்பைக் காக்க வாரம் ஒரு முறை தரும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை விழுங்கும் சிரமம் உள்ளவர்கள் சாப்பிடவே கூடாது, அது உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். அவர்களுக்கு நரம்பு வழி மருந்து இருக்கிறது.

ஸ்டீராய்டின் அளவைக் குறைக்கத்தான் இரண்டாவது மருந்து. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு 15 முதல் 25 மி.கி. வரை. வாரத்துக்கு ஒரு நாள். இதைத் தினம் சாப்பிட்டு ரத்த அணுக்கள் சரிந்து உயிர் போனவர்கள் உலகெங்கும் உண்டு. சீட்டிலும் மாத்திரை அட்டையிலும் கிழமையைத் தமிழில் எழுதுங்கள். ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. மாத்திரை வேறு கிழமையில், வேறு டப்பாவில். வாயில் புண் வந்தால், காய்ச்சலோடு தொண்டை வலித்தால், அடுத்த வேளையை நிறுத்திவைத்து ரத்த அணு எண்ணிக்கை பாருங்கள். சிறுநீர்த் தொற்றுக்குக் கடையில் எளிதாகக் கிடைக்கும் கோட்ரைமாக்ஸசோல், மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையை அடக்கும். நுரையீரல் தொற்றைத் தடுக்க அதே மருந்தைச் சிறிய அளவில் ருமட்டாலஜிஸ்டே தருவதும் உண்டு, அது கணக்கிட்டுக் கண்காணித்துத் தருவது. மெத்தோட்ரெக்ஸேட்டுக்குப் பதிலாகத் தரும் அசதியோப்ரின் சாப்பிடுபவருக்கு யூரிக் ஆசிடுக்காக அலோப்யூரினால் சேர்த்தாலும் இதே கதிதான். அசதியோப்ரின் தொடங்கும் முன் டி.பி.எம்.டி., என்.யு.டி.டி.-15 மரபணுப் பரிசோதனை வசதி இருந்தால் செய்துகொள்ளலாம். நம் பக்கத்து மக்களுக்கு இரண்டாவதுதான் அதிகம் பொருந்தும்.

குழந்தை பெறும் திட்டம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மெத்தோட்ரெக்ஸேட், எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான மைக்கோஃபெனோலேட் இரண்டும் கருவைப் பாதிக்கும், கருத்தரிப்பதற்கு முன்பே மாற்ற வேண்டும். அசதியோப்ரின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், குறைந்த அளவு ப்ரெட்னிசலோன் மூன்றும் கர்ப்பத்தில் தொடரக்கூடியவை.

தோலுக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கிலோவுக்கு 5 மி.கி.யைத் தாண்டக் கூடாது, 60 கிலோ என்றால் 300 மி.கி. முதல் வருடத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை. லூபஸ்காரர்களைவிட டெர்மடோமயோசைடிஸ்காரர்களுக்கு இந்த மாத்திரையாலேயே படை வருவது அதிகம். தொடங்கிய சில வாரத்தில் புதிதாக உடம்பெங்கும் தடித்தால், நோய் கூடியதென்று நினைத்து மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள்.

ஐ.வி.ஐ.ஜி. நன்றாக வேலை செய்யும் மருந்து. 95 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ப்ரோடெர்ம் ஆய்வில், 16 வாரத்தில் மருந்து பெற்றவர்களில் 79 சதவீதமும் வெற்று மருந்து பெற்றவர்களில் 44 சதவீதமும் முன்னேற்றம் கண்டார்கள். அளவு கிலோவுக்கு 2 கிராம், நான்கு வாரத்துக்கு ஒரு முறை. 60 கிலோ ஆளுக்கு 120 கிராம், அதாவது 5 கிராம் பாட்டில் 24. விலைதான் தடை. காப்பீட்டிலோ அரசுத் திட்டத்திலோ வழி உண்டா என்று முதல் நாளே மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். ஏற்றும்போது மெதுவாகத் தொடங்க வேண்டும், முன்னும் பின்னும் தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும். தலைவலி சகஜம். ஒரு காலில் மட்டும் வீக்கம், நெஞ்சுவலி, திடீர் மூச்சிரைப்பு வந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே சொல்லுங்கள்.

இந்த மருந்துகளுக்கு முன் மார்பு எக்ஸ்ரே, மறைந்த காசநோய்க்கான பரிசோதனை, ஹெபடைடிஸ் பி, சி. நம் நாட்டில் இவற்றைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போடலாம். உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளான எம்.எம்.ஆர்., சின்னம்மை போன்றவை மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று விற்கும் எதையும் வாங்காதீர்கள், இங்கே எதிர்ப்பு சக்திதான் நோய். ஸ்பைருலினா என்ற சுருள்பாசி, எக்கினேசியா, ஆல்ஃபால்ஃபா சாப்பிட்டு இந்த நோய் கிளம்பியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத சூரணப் பொட்டலங்களில் ஸ்டீராய்டே கலந்திருக்கலாம். சாப்பிட்டதும் குணமாவது அதனால்தான்.

ஒன்று ஆறினால் மற்றது ஆறாது

இந்த நோயோடு பழகியவர்களுக்கே ரொம்ப நாள் கழித்துப் பிடிபடுவது இது. தசை ஆறு மாதத்தில் தேறி, சி.கே. இறங்கி, எல்லாரும் நிம்மதியாக இருக்கும்போது தோல் வருடக்கணக்கில் எரிந்துகொண்டிருக்கும். தோல் சுத்தமாகி, தசை பின்தங்குவதும் உண்டு. நுரையீரல் மூன்றாவது வழி. ஒன்றை வைத்து மற்றதைக் கணிக்க முடியாது. ஒரு எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைப்பதில்தான் பல சறுக்கல்கள் நடக்கின்றன.

அதனால் வீட்டில் ஒரு நோட்டு. வாரம் ஒரு நாள், அதே நேரம். கையில்லாத சாதாரண நாற்காலியில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது. இரண்டு கையையும் தோளுக்கு மேல் எத்தனை விநாடி தூக்கி வைக்க முடிகிறது. தலையணை இல்லாமல் படுத்து, தலையை மட்டும் தூக்கி எத்தனை விநாடி நிறுத்த முடிகிறது. ஆக்சிமீட்டரில் உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு, ஆறு நிமிடம் நடந்த பின் எவ்வளவு. 4 புள்ளி இறங்கினால் அன்றே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ கருவி தவறும். மாதம் ஒரு முறை கை, இமை, கழுத்து படம். இந்த ஒரு பக்கத்தை நீட்டினால் ஓ.பி.யில் கிடைக்கும் ஐந்து நிமிடம் போதும்.

ஸ்டீராய்டே தசையைக் கரைக்கும் என்பதால் இந்த நோட்டு இன்னும் தேவை. நோய் திரும்பினால் பெரும்பாலும் கழுத்தும் சேர்ந்து தளரும், சி.கே. ஏறலாம், எம்.ஆர்.ஐ.யில் அழற்சி தெரியும். ஸ்டீராய்டு தளர்ச்சியில் தொடைதான் முதலில் போகும், கழுத்து பெரும்பாலும் தப்பும், சி.கே. சரியாக இருக்கும். முதலாவதற்கு மருந்தைக் கூட்ட வேண்டும், இரண்டாவதற்கு ஸ்டீராய்டைக் குறைக்க வேண்டும். தவறாகப் புரிந்தால் போவது நேர் எதிர்த் திசை.

தோலுக்கு வெயில்தான் எதிரி. எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும். வெளியே இருந்தால் இரண்டு மணிக்கொரு முறை. பொட்டு அளவு தடவினால் பயனில்லை. பஸ், கார் கண்ணாடி யு.வி.-ஏ கதிரை முழுக்கத் தடுக்காது, ஜன்னலோரம் வேண்டாம். மெல்லிய துப்பட்டாவும் தடுக்காது, நெருக்கமாக நெய்த முழுக்கைத் துணி வேண்டும். தலை அரிப்புக்கு க்ளோபெட்டசால் லோஷன், இமைக்கு டாக்ரோலிமஸ் களிம்பு என்று இடத்துக்கு ஏற்ப மருத்துவர் தருவார். மாற்றித் தடவாதீர்கள்.

விழுங்குவதும் மூச்சும்

தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருகிறதா, அடிக்கடி புரையேறுகிறதா, குரல் மூக்கால் பேசுவது போல மாறிவிட்டதா? இவை இருந்தால் அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா, இந்த நோயில் உயிருக்கு ஆபத்தான பாதைகளில் அது ஒன்று. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது உதரவிதானம் தளர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம், அதுவும் அன்றே போக வேண்டியது.

சரியாகும் வரை சாப்பாட்டை மாற்ற வேண்டும். ரசம் சாதம் பார்க்க மென்மையாக இருந்தாலும் கஷ்டம். நீர் ஒரு வேகத்திலும் பருக்கை ஒரு வேகத்திலும் இறங்குவதால் புரையேறும். நன்றாக மசித்த தயிர்சாதம், கெட்டிக் கூழ், சாம்பாரில் ஊறி முழுக்கக் கரைந்த இட்லி பரவாயில்லை. பொரி, முறுக்கு, வறண்ட சப்பாத்தி, பொட்டுக்கடலை வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னக் கவளம், தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தி விழுங்கி, முடித்த பின் அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். மாத்திரைகளை எல்லாம் பொடிக்கக் கூடாது. மெத்தோட்ரெக்ஸேட், மைக்கோஃபெனோலேட் இரண்டும் பொடித்தால் பொடிப்பவருக்கும் ஆபத்து.

உடற்பயிற்சி

'சி.கே. இறங்கும் வரை அசையாதே' என்பது பழைய உபதேசம். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா குழு 1990-களின் இறுதியிலிருந்து செய்த ஆய்வுகளில், வாரம் ஐந்து நாள், 15 நிமிட எளிய பயிற்சியும் 15 நிமிட நடையும் 12 வாரம் செய்தவர்களுக்கு அழற்சி கூடவில்லை, பலம் கூடியது. நோய் தீவிரமாக இருக்கும்போது மூட்டுகளை முழுதாக அசைப்பதும், படுத்தபடி லேசான பயிற்சியும். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் படிப்படியாகக் கூட்டலாம். மறுநாளும் ஓயாத களைப்பு இருந்தால் அளவு அதிகம் என்று பொருள்.

எழும் முறை மாறினாலே பாதிக் கஷ்டம் குறையும். நாற்காலி நுனிக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை குனிந்து எழுங்கள். கட்டிலை உயர்த்துங்கள். கம்மோடில் 4 முதல் 6 அங்குல உயரச் சீட்டு வையுங்கள். தலை சீவும்போது முழங்கையை மேசையில் ஊன்றுங்கள். வாளியைப் பாதி நிரப்புங்கள்.

குழந்தைகள்

குழந்தைகளுக்கு முழங்கை, முழங்கால், பிட்டத்தில் தோலுக்கடியில் சுண்ணாம்புக் கட்டி படிவது பெரியவர்களைவிட அதிகம். நோயைச் சீக்கிரம் கண்டு முழு வீச்சில் அடக்குவதுதான் அதற்கு நம்பகமான தடுப்பு. ஒரு முறை கட்டி உருவான பின் கரைக்க டில்டியாசெம், பாமிட்ரோனேட் என்று பலவும் முயல்கிறார்கள், உறுதியான பலன் எதிலும் இல்லை. பாலையும் கேழ்வரகையும் நிறுத்துவதால் கட்டி குறையாது. ஸ்டீராய்டு சாப்பிடும் குழந்தையின் எலும்புதான் மெலியும். கட்டி தானாக உடைந்து வெள்ளைப் பிசின் வந்தால் பிதுக்காமல் சுத்தமான துணியால் மூடி, சிவந்து சூடாக இருந்தால் சீழ் பிடித்திருக்கிறதா என்று காட்டுங்கள்.

பள்ளிக்கு மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். தரைத்தளத்தில் வகுப்பு, ஜன்னலுக்குத் தள்ளி இடம், காலைப் பிரார்த்தனைக்கு நிழல், மேற்கத்தியக் கழிப்பறை, புத்தகங்களுக்கு இரண்டு செட், பி.டி. பீரியடில் உட்காரவைக்காமல் முடிந்ததைச் செய்ய அனுமதி. வகுப்பில் யாருக்காவது சின்னம்மை வந்தால் அன்றே வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தில் இருக்கும் குழந்தைக்குத் தடுப்பு மருந்து கொடுக்கச் சில நாட்கள்தான் அவகாசம்.